ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லையா? ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

பழைய வண்டி கேள்வி – பதில்

இந்த முறை ஸ்லோ ஸ்பீடு (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் அணையாமல் ஓடும் வேகம்) சம்பந்தமான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். புல்லட், ஆர்எக்ஸ் 100, ஒரு டிரையம்ப் என்று வண்டிகள் வேறு வேறு. கேட்கிற விஷயம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கேள்வி: என்னுடையது 1992 மாடல் புல்லட் 350, மிக்கார்ப் கார்புரேட்டர். காலையில் நன்றாக நிற்கிறது. சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. ஏர் ஸ்க்ரூவை முழுசாக மூடி ஒன்றரைச் சுற்று திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். இரண்டு சுற்றும் வைத்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை.
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: மாற்றமே தெரியவில்லை என்கிறீர்களே, அதுதான் இதில் முக்கியம். ஸ்லோ ஸ்பீடில் கலவைக்குக் காற்றை அளக்கிற ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் இன்ஜின் சத்தம் கொஞ்சமாவது மாறியாக வேண்டும். மாறவில்லை என்றால், ஸ்லோ ஸ்பீடில் வர வேண்டிய பெட்ரோல் ஸ்லோ ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துவாரமுள்ள துண்டு) வழியாக வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லோ ஜெட்டோ அதற்குப் பின்னால் இருக்கும் பொடித் துவாரமோ அடைத்திருக்கலாம். இல்லாவிட்டால், வண்டி ஆஃப் ஆகிறதே என்று ஸ்லைடை (ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறக்கும் துண்டு) தூக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூவை யாராவது நிறைய ஏற்றி வைத்திருப்பார்கள். ஸ்லைடு அளவுக்கு மேல் ஏறிவிட்டால் பெட்ரோல் நீடில் (ஸ்லைடில் தொங்கும் ஊசி) பக்கமாக வர ஆரம்பித்துவிடும், அப்புறம் ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று சுற்றினாலும் அதற்கு அங்கே வேலை இல்லை. மூன்றாவதாக, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று இழுக்கலாம்.

எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை. வண்டி சூடாகித் தடுமாறும்போது சோக்கைக் கொஞ்சமாகப் போடுங்கள். உடனே சீரானால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமாகி அணைந்தால் ஏற்கெனவே ஜாஸ்தி. சோக் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி தடுமாறினால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள், ஸ்பார்க் சம்பந்தப்பட்ட பாயிண்ட், கண்டன்சர், வால்வு சம்பந்தப்பட்ட டாப்பெட் பக்கம் போங்கள். புல்லட்டுக்குப் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டாப்பெட் பார்க்க இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்: புஷ்ராடு (வால்வைத் தள்ளும் கம்பி) விரலால் உருட்டினால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த இரண்டும் சரியில்லாத வண்டியில் ஏர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பது வெட்டி வேலை. நம் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் அந்த ஸ்க்ரூ வெளியே கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது!

காற்று இழுக்கிறதா என்று பார்க்க, வண்டி ஓடும்போது மானிஃபோல்டு இணைப்பில் (கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடம்) மட்டும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் கார்ப் க்ளீனரை அடிப்பார்கள், சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் எனக்கு அதில் இஷ்டம் இல்லை. கேஸ்கட் நன்றாக இருந்தும் இழுக்கிறது என்றால், நட்டை ஓவராக முறுக்கி முறுக்கி கார்புரேட்டரின் முகமே வளைந்திருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துவாரம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும். வயருக்குள் இருக்கும் செம்பு இழை ஒன்று போதும், அப்புறம் காற்று அடியுங்கள். ஏர் ஸ்க்ரூ இருக்கும் துவாரத்துக்குள்ளும் அடிக்க மறக்க வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ட்யூனிங். நாலைந்து கிலோமீட்டராவது ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக, முட்டுகிற வரை மட்டும் மூடுங்கள், முறுக்கினால் நுனி பள்ளம் விழும், உள்ளே அது உட்காரும் இடமும் கெடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறங்கள். ஸ்லைடு ஸ்க்ரூவால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, சில விநாடி காத்திருந்து கேளுங்கள். பிறகு இன்னொரு கால் சுற்று. எந்த இடத்தில் இன்ஜின் தானாக வேகமெடுத்துச் சீராக ஓடுகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, ஸ்லைடு ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். மறுபடி ஏர் ஸ்க்ரூ, மறுபடி ஸ்லைடு. இரண்டையும் மாற்றி மாற்றித்தான் பிடிக்க முடியும்.

கடைசியில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள். வேகம் இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே தொங்கினால் பெட்ரோல் குறைவு. தாறுமாறாகக் கீழே விழுந்து பிறகு தேறி வந்தால் ஜாஸ்தி. ஒன்றரைச் சுற்று என்பது ஆரம்பிக்கிற இடம்தான், உங்கள் வண்டிக்கு ஒன்றேகாலிலும் நிற்கலாம், இரண்டிலும் நிற்கலாம். ஆனால் முக்கால் சுற்றுக்கும் கீழே போனால்தான் நிற்கிறது என்றால் ஸ்லோ ஜெட் சின்னது, இரண்டரையைத் தாண்டினால் பெரியது.

கேள்வி: ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும் என்கிறார் ஒரு மெக்கானிக். குறையும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு பேரும் வேறு வேறு கார்புரேட்டரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்லைடுக்கு ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, காற்றைத்தான் அளக்கிறது. உள்ளே திருகினால் காற்று குறையும், அதனால் கலவையில் பெட்ரோல் கூடும். மிகுனி விஎம் வகை, அதே வகையில் நம் ஊரில் செய்த மிக்கார்ப், பழைய அமால் எல்லாம் இப்படித்தான். இன்ஜின் பக்கமாக இருந்தால் அது பெட்ரோல் கலந்த காற்றை அளக்கும் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். வேக்குவத்தால் ஸ்லைடு ஏறுகிற சிவி கார்புரேட்டர்களில் இப்படி இருக்கும். பழைய வண்டியில் வேறு வண்டியின் கார்புரேட்டரை மாட்டியிருப்பது இங்கே சகஜம், அதனால் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், கண்ணால் பாருங்கள்.

கேள்வி: ப்ளக் கறுப்பாக வருகிறது. ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திறக்கலாம்?
– வாசகர், விருதுநகர்

பதில்: எந்த ஓட்டத்துக்குப் பிறகு கழற்றிப் பார்த்தீர்கள்? ஏர் ஸ்க்ரூவின் அதிகாரம் ஆக்ஸிலேட்டரில் முதல் எட்டில் ஒரு பங்கு வரைதான். அதற்கு மேல் கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு, கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கும் மேல் மெயின் ஜெட். நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து ப்ளக் கறுப்பு என்றால் நீடிலைப் பாருங்கள், அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அடைத்த ஃபில்டரோடு கறுத்த ப்ளக்குக்கு ஸ்க்ரூவைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போனால் மேலே வண்டி அடைத்துக்கொண்டு ஓடுகிறது. ஸ்க்ரூவை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறையும் அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை, அதனால் கலவையில் பெட்ரோல் ஜாஸ்தியாகிறது. மேலே நாலு நாள் தங்குவதாக இருந்தால் ஏர் ஸ்க்ரூவைக் கால் முதல் அரைச் சுற்று வெளியே எடுங்கள், ஸ்லோ ஸ்பீடு நிற்கும். ஏற்றத்தில் இழுவை குறைவதற்கு அது மருந்து இல்லை, அது மெயின் ஜெட்டும் நீடிலும் சம்பந்தப்பட்டது. ஒரு நாள் போய் வருவதற்கு நான் எதையும் தொட மாட்டேன்.

திரும்பும் முன் ஸ்க்ரூவைப் பழைய இடத்தில் வைக்காமல் கிளம்பாதீர்கள். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்து ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுகிற வண்டியில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மூடி நீண்ட இறக்கம் இறங்கினால் ஆயிலும் சேர்ந்து குறைகிறது. அவ்வப்போது கொஞ்சம் முறுக்கி விட்டுக்கொண்டே இறங்குங்கள். இன்னொன்று: ஸ்லோ ஸ்பீடு திடீரென்று தானாக ஏறி, ஸ்க்ரூவுக்கு அடங்காமல் போனால் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் ஓரத்தில் காற்று புகாமல் தடுக்கும் வளையம்) போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: எத்தனால் பெட்ரோல் வந்த பிறகு பழைய செட்டிங் சரிப்படவில்லை. என் கற்பனையா?
– வாசகர், மதுரை

பதில்: கற்பனை இல்லை. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 கிலோ போதும், ஏனென்றால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. பழைய ஜெட்டோடு அப்படியே ஓட்டினால் காற்று ஜாஸ்தியாகும். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே கொண்டுபோய்ப் பாருங்கள், பல வண்டிகளுக்கு ஸ்லோ ஸ்பீடில் அதுவே போதும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் ப்ளோட் கிண்ணத்தில் வெள்ளையாகப் பூக்கும், அந்தத் தூள் நேராகப் போய் உட்காருவது ஸ்லோ ஜெட்டில். நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். பழைய ரப்பர் ட்யூபையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 1969 டிரையம்ப் பான்வில், இரண்டு அமால் கான்சென்ட்ரிக். எவ்வளவு கழுவினாலும் ஒரு சிலிண்டர் ஸ்லோ ஸ்பீடில் வேலை செய்வதில்லை.
– வாசகர், ஈப்போ, மலேசியா

பதில்: அமால் கான்சென்ட்ரிக் கார்புரேட்டரின் பழைய வியாதி இது. அதன் பைலட் ஜெட் (ஸ்லோ ஜெட்டின் இன்னொரு பெயர்), ஏர் ஸ்க்ரூ துவாரத்தின் உள்கோடியில் அடித்து இறக்கிய ஒரு சின்னக் குழல். கழற்றவும் முடியாது, வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. கழுவினால் மட்டும் அடைப்பு போகாது. 0.4 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டை ஒரு மெல்லிய குழாயின் நுனியில் ஒட்டி, கையால் உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். மெஷினில் மாட்டாதீர்கள். அப்புறம் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்படி கேபிளைச் சரி செய்துவிட்டு, இரண்டு ஏர் ஸ்க்ரூவையும் ஒன்றரைச் சுற்றில் தொடங்கி தனித்தனியாகக் காதால் பிடியுங்கள். ஒரு சிலிண்டரை நிறுத்தி மற்றதை மட்டும் ஓட்டுவதானால், கழற்றிய ப்ளக் வயரைச் சும்மா தொங்க விடாமல் எர்த் செய்யுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷன் காயில் கெட்டுப்போகும்.

கேள்வி: ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கிறது. ஏர் ஸ்க்ரூதானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இருக்கலாம், பெட்ரோல் குறைந்தால் அப்படி வெடிக்கும். ஆனால் முதலில் சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். புகை கசிந்தால் அந்த வழியாகக் காற்றும் உள்ளே போகும். அதை அடைத்த பிறகும் வெடித்தால் மட்டும் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே விடுங்கள்.