ஆத்தோரம் புல்லு காணாம போச்சு, உரம் போட்டா திரும்பி வருமா?

கேள்வி: சார் வணக்கம். வீரபாண்டி பக்கம் திருமணிமுத்தாறு கரையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் இருக்குங்க, தென்னையும் மஞ்சளும். பதினஞ்சு வருஷம் முன்னாடி கரையில அருகு, கோரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணின்னு எல்லாம் கலந்து கிடக்கும். இப்ப சம்பும் (தண்ணியோரம் நாணல் மாதிரி உயரமா வளர்ற செடி) நெய்வேலி காட்டாமணக்கும் மட்டும்தான். மாட்டுக்கு ஆகட்டும்னு போன வருஷம் ரெண்டு மூட்டை யூரியா வீசினேன், சம்புதான் ஆளுயரம் ஆச்சு. மண்ணுல சத்து இல்லையா?

பதில்: அண்ணா, சத்து இல்லாம இல்லைங்க, அளவுக்கு மீறி கிடக்கு, நீங்க அதுக்கு மேல விருந்து வேற வெச்சிட்டீங்க.

சத்து கம்மியான மண்ணுல எந்தச் செடியும் ரொம்ப ஆட முடியாது, ஒண்ணுக்கு தழைச்சத்து (யூரியாவுல இருக்கற நைட்ரஜன்) பத்தாது, இன்னொண்ணுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) பத்தாது, அதனால நாலு செடி பக்கத்துல பக்கத்துல பொழைக்கும். சத்து கொட்டிக் கிடந்தா சண்டை வெளிச்சத்துக்குன்னு மாறிடும், வேகமா உயரமா போறவன் ஜெயிச்சிடுவான். ஒரு நாள் அந்த சம்பை கையால விலக்கி அடியில பாருங்க, காஞ்ச மட்டைக்கு கீழ அருகம்புல் தண்டு வெளுத்துப் போய் நூல் மாதிரி கிடக்கும். இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல 1856ல ஆரம்பிச்ச புல்வெளி சோதனை இன்னும் நடக்குது, உரமே போடாத பாத்தியில முப்பதுக்கு மேல செடி வகை, தழைச்சத்து உரமா போட்டு மண்ணு புளிச்சுப் போன பாத்தியில ரெண்டு மூணுதான்.

உங்க ஆறும் அதேதான். சேர்வராயன் மலையடிவாரத்துல ஓடைக்கரையில பத்தடிக்குள்ள எத்தனை விதமான செடி நிக்குதுன்னு எண்ணிப் பாருங்க, அதே தண்ணி சேலம் டவுனு சாக்கடையை வாங்கிட்டு உங்ககிட்ட வர்றப்ப சோப்பு, மலம், சாயம் எல்லாம் சேந்துதான் வருது. மணிச்சத்து வண்டல்ல ஒட்டிக்கும், சுலபத்துல போகாது.

இனிமே கரைக்கு ஒரு பிடி உரம்கூட வேண்டாம். வயலோரம் ரெண்டு மூணு மீட்டர் உழாம, உரம் போடாம விடுங்க, மஞ்சளுக்கு போடற யூரியா மழையில ஆத்துக்கு போறது குறையும். சம்பை தண்ணி மட்டத்துக்கு கீழ அறுக்கணும், அதோட தண்டு வழியாத்தான் கிழங்குக்கு காத்து போகுது, அறுத்த வாயில தண்ணி நின்னா அழுகிடும். சாக்கடை தண்ணி, பூட்ஸ் கிளவுஸ் இல்லாம இறங்காதீங்க. அறுத்ததை அங்கயே போட்டா சத்து திரும்ப மண்ணுக்கே போகும், அள்ளிட்டு வந்து தென்னைக்கு மூடாக்கா போடுங்க, கீரைக்கு மட்டும் வேண்டாம். ஒரே வருஷத்துல அருகு வந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மூணு நாலு வருஷம் விடாம அறுக்கணும்.

மாட்டை இப்போதைக்கு அங்க அவுத்து விடாதீங்க. தழைச்சத்து மிஞ்சின இடத்துப் புல்லுல நைட்ரேட் ஏறி மாட்டுக்கு மூச்சுத் திணறல் வரலாம், காட்டாமணக்கு ஆட்டுக்கும் விஷம்தான்.

மண்ணு பாக்கணும்னா சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு கொண்டு போங்க, அரையடி ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி எடுக்கணும், கரை மண்ணு ஒரு பை, வயல் மண்ணு ஒரு பை, ரெண்டையும் கலந்துடாதீங்க.