அப்பா பேசாதது இருக்கட்டும், பையன் பேசுவதைக் கேளுங்கள்

கேள்வி: நான் கல்லூரி ஆசிரியர். பொள்ளாச்சி பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. சாதிக்கு எதிராகப் பல வருடங்களாகக் கவிதை எழுதுகிறேன். எங்கள் தோப்பில் தலைமுறையாக வேலை பார்க்கும் பெரியவரைப் பற்றி, அவர் பெயரையே தலைப்பாக வைத்து எழுதிய கவிதையை ஒரு மேடையில் வாசித்தேன். (என் அப்பாவைவிட மூத்தவர். எங்கள் வீட்டு மனுஷர் மாதிரி. எட்டு வயது மகன்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், அவ்வளவு ஒட்டுதல்.) அந்த வீடியோ சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றியதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. மராத்தி தலித் கவிஞர் நாம்தேவ் தசால், தெலுங்கு தலித் கவிஞர் குர்ரம் ஜாஷுவா வழியில் வந்தவன் நான். எழுத்தை விடுவதா, அப்பாவை விடுவதா?

பதில்: இரண்டையும் விட வேண்டாம். அப்பா பேசாவிட்டாலும் அவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க நீங்கள்தான் போக வேண்டும். கருத்து வேறுபாட்டுக்காகப் பெற்றவரைக் கைகழுவுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. உங்கள் கேள்விக்கு இவ்வளவு போதும்.

அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒன்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் அப்பாவைவிட மூத்த மனிதரை உங்கள் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அதை ஒட்டுதல் என்கிறீர்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரை இப்படி ஒருமுறை கூப்பிடட்டும் பார்ப்போம், முதுகில் ஒன்று வைக்க மாட்டீர்களா? ஒட்டுதல் இருந்தால் வாயில் 'தாத்தா' என்றல்லவா வந்திருக்கும்? 'ஏனுங்க, வாங்க' என்று மரியாதைக்குப் பேர்போன ஊர் உங்களுடையது. முன்பின் தெரியாதவன் வழி கேட்டால்கூட ஒரு 'ங்க' போட்டுத்தான் பதில் சொல்வீர்கள்.

அவர் உங்கள் பையனை எப்படிக் கூப்பிடுகிறார் என்று எழுதவில்லையே, ஏன்? அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கும் கொஞ்சம் தெரியும். 'சின்னப் பண்ணாடி', அதாவது சின்ன முதலாளி என்பார், இல்லாவிட்டால் 'சாமி' என்பார். பால் பல் விழுந்து முளைக்கிற வயதில் உங்கள் பிள்ளை யாருக்கு 'ங்க' போட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிழையில்லாமல் கற்றிருக்கிறான். பள்ளிக்கூடத்திலா கற்றான்? நீங்கள் மேசையில் உட்கார்ந்து கவிதை திருத்திக்கொண்டிருக்கும்போது திண்ணையில் நின்று கற்றான்.

ஜாஷுவாவைத் துணைக்கு இழுக்காதீர்கள். 1941இல் வந்த அவருடைய 'கப்பிலம்' காவியத்தில், கோயிலுக்குள் போக முடியாதவன் தன் முறையீட்டை ஒரு வௌவாலிடம் சொல்லி சிவனுக்கு அனுப்புகிறான். வௌவாலை யாரும் வாசலில் தடுக்க மாட்டார்கள் அல்லவா? அது வெளியே நிறுத்தப்பட்டவன் பாட்டு. தசாலும் அப்படித்தான். நீங்கள் கதவுக்கு உள்ளே இருப்பவர். உள்ளே இருப்பவர் எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான், தீண்டாமைக்கு ஆளான புலையர் சாதியில் பிறந்தவர் இல்லை. ஆனாலும் 1922இல் 'துரவஸ்தா' எழுதினார். கலவரத்தில் வீடிழந்த நம்பூதிரிப் பெண்ணைச் சாத்தன் என்ற புலையரின் குடிசைக்கு அனுப்பி, அவனையே கணவனாக ஏற்க வைத்தார். திண்ணையோடு திரும்பிவிடவில்லை. பாரதி புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டார். அது சரியான வழிதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, நடக்கட்டும். மனுஷன் பாட்டோடு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. கைதட்டல் உங்களுக்கு. மறுநாள் காலையில் மட்டையும் தேங்காயும் பொறுக்க அதே தோப்புக்குப் போனது அவர். அப்பாவின் கோபம் உங்களிடம் மௌனமாக வந்தது. அவரிடம் என்னவாகப் போனது? 'உன்ன வெச்சுப் பாட்டுக் கட்டியிருக்கானாமே' என்று யார் யார் குத்தினார்கள்? வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்களா? இதை விசாரித்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அப்பா பேசாத வருத்தம் மட்டும் ஒன்றரைப் பக்கம்!

அப்பாவைத் திருத்துவது உங்களால் முடியுமோ முடியாதோ, பிள்ளையை வளர்ப்பது உங்கள் கடமை. நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். முதலில் நீங்கள், அப்பா பார்க்க, அந்தப் பெரியவரை 'வாங்க' என்று கூப்பிடுங்கள். பையன் தானாகக் கேட்பான். 'தாத்தான்னு கூப்பிடு' என்று சொல்லுங்கள், ஒருமுறை மறந்தால் மறுமுறையும் சொல்லுங்கள். பெரியவர் பதறுவார், 'வேண்டாஞ் சாமி' என்பார். அதற்காக நிறுத்தாதீர்கள். அவரை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுக்கிற வேலையும் வேண்டாம். தயவுசெய்து இதை இன்னொரு கவிதையாக எழுதிவிடாதீர்கள்.

பழைய கவிதையைத் தொகுப்பில் சேர்ப்பதாக இருந்தால், அதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தோப்புக்கு வரச் சொல்லாதீர்கள், நீங்கள் போங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பெயரை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.