ஹெச்பிவி பாசிட்டிவ் வந்தால் கணவரைச் சந்தேகிக்கலாமா?

சகோதரி, கல்யாணமாகி 12 வருஷம் கழித்து ஹெச்பிவி (உடலுறவு வழியே பரவும், சில வகைகள் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பாசிட்டிவ், பாப் ஸ்மியர் (கருப்பை வாய் செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) நார்மல், அப்படியானால் கணவர் எங்கோ தவறியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ரிப்போர்ட் அப்படிச் சொல்லவே இல்லை. இந்த வைரஸ் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்பே உங்கள் இருவரில் யாருக்காவது இருந்திருக்கலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்ட்டாலும் சொல்ல முடியாது. அவரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான பரிசோதனையே கிடையாது.

என் அக்காவும் தடித்த எழுத்தில் இருந்த ‘பாசிட்டிவ்’ஐப் பார்த்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த பக்கத்தில் மாறுபட்ட செல்கள் இல்லை என்று இருந்ததை நாங்கள் யாரும் படிக்கவேயில்லை!

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு உடம்பே 2 வருஷத்துக்குள் தொற்றை விரட்டிவிடும். ஆனால் எந்த வகை ஹெச்பிவி என்று பாருங்கள். 16 அல்லது 18 என்றால் பாப் ஸ்மியர் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோபி (கருப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். மற்ற வகை என்றால் பெரும்பாலும் ஒரு வருஷம் கழித்து மறுபரிசோதனை. கருப்பையை எடுத்துவிடலாமா என்ற பேச்சே இப்போது வேண்டாம்.

அப்புறம், ஹெச்பிவி தடுப்பூசி ஏற்கெனவே இருக்கும் தொற்றைப் போக்காது. மகளுக்கு 10 வயது என்றீர்களே, அவளுக்குப் போட இதுதான் சரியான வயது.