கையில் காசில்லாதவர் கரை இறங்கலாமா? குடியேற்றச் சட்டங்கள் பற்றிய கேள்வி பதில்

பணமில்லாதவரைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா எப்போது கொண்டுவந்தது?

நாடு முழுமைக்குமான சட்டம் 1882இல் வந்தது. வருபவர் தலைக்கு 50 சென்ட் வரி. தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் அரசுக்குச் சுமையாகக்கூடியவர் இறங்க முடியாது. அதற்கு முன்பே மாசசூசெட்ஸ் மாநிலம் ஏழை அயர்லாந்துக்காரர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறது.

எவ்வளவு பணம் வேண்டும் என்று அதில் இருந்ததா?

இல்லை, வம்பே அங்கேதான். 1909இல், நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வருபவர்களைச் சோதிக்கும் இடமான எல்லிஸ் தீவின் ஆணையர் வில்லியம் வில்லியம்ஸ், 25 டாலராவது கையில் வேண்டும் என்று தாமாகவே ஒரு கணக்கு வைத்தார். அப்புறம் போர்ட்லாந்துக்குக் கிளம்பிவந்த சில ரஷ்யர்களை, அந்த ஊரில் வேலை கிடைப்பது கஷ்டம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். வந்த ஆளின் நிலையைத்தான் பார்க்க வேண்டும், ஊரின் வேலை நிலவரத்தை அல்ல என்று 1915இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தியர்களை ஏற்றிக்கொண்டு கனடாவுக்குப் போன கோமகாட்டா மாரு கப்பலைத் தடுத்தது இனவெறியா, பணமா?

இனவெறிதான், பணம் அதற்குக் கிடைத்த நாகரிகமான சாக்கு. ஆசியர் கையில் 200 டாலர் வேண்டும், சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் வர வேண்டும் என்பது கனடாவின் விதி. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரும் கப்பலே கிடையாது! 1914இல் அந்தக் கப்பலில் கனடாவின் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்த 376 பேரும் பிரிட்டிஷ் பிரஜைகள். இரண்டு மாதம் துறைமுகத்திலேயே கிடந்து, பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். சீனர்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு தலைவரியும் இருந்தது: 1885இல் 50 டாலர், 1903இல் 500.

பிரிட்டன்?

1905 சட்டப்படி, பிழைப்புக்கு வழி இருக்கிறதா என்ற சோதனை கப்பலின் மலிவுத் தளத்தில் வந்தவர்களுக்குத்தான். கேபின் டிக்கெட் எடுத்தவரை அப்படி யாரும் கேட்கவில்லை.

வரி கட்டுபவர்கள் தங்கள் நலத்திட்டப் பணத்தைக் காப்பாற்ற நினைப்பது தவறா?

தவறே இல்லை. ஆனால் விதி அதைத்தான் காக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு மனைவியையோ கணவரையோ பிரிட்டனுக்கு அழைத்துவர 2024இலிருந்து ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு வேண்டும். அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலியில் முழுநேரம் உழைத்தாலும் சுமார் 22,000தான் தேறும். அந்த விசாவில் வருபவருக்குப் பொதுவாக அரசு உதவித்தொகை கிடையாது. சரி, அப்புறம் எதற்கு அந்த வரம்பு? வரி கட்டும் உழைப்பாளியைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

பணக்காரருக்குத் தனி வழி உண்டா?

உண்டு. அமெரிக்காவில் 1990 முதல் முதலீட்டாளர் விசா இருக்கிறது. இன்று குறைந்தபட்சம் 8 லட்சம் டாலர் போட்டு, 10 பேருக்கு வேலை உண்டாக்க வேண்டும்.