குடியை விட்ட பிறகு மனம் உடையாமல் தாக்குப்பிடிப்பது எப்படி?

மன உறுதி என்று எழுதிவிட்டுப் போகலாம். என் விஷயத்தில் அது பொய். கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். குடியை விட்டு 4 ஆண்டுகள் ஆகின்றன, நடுவில் ஒருமுறை சறுக்கியதையும் சேர்த்து.

முதல் வாரம் உடம்பின் பாடு. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். என்னை மருத்துவமனையில் சேர்த்து, மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டுத்தான் நிறுத்தினார்கள்.

மனத்தின் பாடு அதன் பிறகுதான் தொடங்கியது. தூக்கம் திரும்ப மாதங்கள் ஆயின. பட்டறைப் பையன் ஸ்பேனரைக் கீழே போட்டால் கை ஓங்கத் தோன்றும். இரவில் காரணமில்லாமல் அழுகை வரும். சாமான் வாங்கப் புதுச்சேரி போய்த் திரும்பினால் பஸ் முள்ளோடையில் நிற்கும். எல்லையைத் தாண்டுவதற்குள் மலிவாகக் குடித்துவிடலாம் என்று கடலூர்க்காரர்கள் இறங்கும் இடம். என் காலும் தானாக எழும். அந்தத் தவிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் ஜன்னலோரம் உட்காரத் தொடங்கினேன். இறங்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டும். அந்தக் கூச்சமே பாதி நாள் என்னைக் கடலூர் வரை கொண்டுவந்து சேர்த்தது.

ஐந்தாம் மாதம் மாமா இறந்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் ஒரு கிளாஸ். 'எல்லாம் போயிற்று, இனி என்ன' என்ற எண்ணத்தில் மேலும் மூன்று நாள். பிறகு நானே மனைவியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள் என்று எழுத ஆசைதான். தெருவே கேட்கக் கத்தினாள். மறுநாள் மருத்துவமனைக்குக் கூடவே வந்தாள். (அப்படி யாரும் இல்லாதவர்கள் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.)

"150 நாளில் கற்றது எங்கே போய்விடும்?" என்றார் ஆலோசகர். சறுக்கிய அன்று நடந்ததை மணிவாரியாக எழுத வைத்தார். எழுதிய பிறகுதான் தெரிந்தது: முந்தைய இரவு தூங்கவில்லை, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டே போகிறேன். எடுக்கும் வரை சாப்பிடக் கூடாது என்று பெரியம்மா இன்னும் திட்டுகிறார்.