2,000 மீட்டருக்கு மேலே ஒயின் திராட்சை விளையுமா?

விளையும். அர்ஜென்டினாவின் சால்டா மாகாணம் நல்ல உதாரணம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 25 டிகிரியில் இருக்கிறது. சமவெளியாக இருந்திருந்தால் அந்தச் சூட்டில் நல்ல ஒயின் திராட்சை கஷ்டம்தான்; உயரம்தான் காப்பாற்றுகிறது. கால்சாக்கி பள்ளத்தாக்கிலுள்ள கஃபயாதே ஊரே சுமார் 1,700 மீட்டரில் இருக்கிறது. 1831இல் தொடங்கிய கொலோமே ஒயின் ஆலை சுமார் 2,300 மீட்டரில். அவர்களின் 'அல்தூரா மாக்சிமா' தோட்டமோ 3,111 மீட்டர்!

பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ராத்திரி குளிர் வாட்டும். அந்தக் குளிரால் பழத்தில் புளிப்பு குறையாமல் நிற்கிறது. உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். அதைத் தாங்க மால்பெக் என்ற சிவப்பு ஒயின் திராட்சை தோலைத் தடிமனாக்கிக்கொள்கிறது. நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கின்றன, அதனால் ஒயின் கருஞ்சிவப்பாக வருகிறது. மழை ரொம்பக் குறைவு என்பதால் பூஞ்சைத் தொல்லை அதிகமில்லை, ஆனால் மலையிலிருந்து வரும் தண்ணீரைப் பாய்ச்சியே ஆக வேண்டும். அப்புறம், வசந்தகால உறைபனி ஒரே இரவில் துளிரைக் கருக்கிவிடும்.

என்னைக் கேட்டால், சிவப்பைவிட தொர்ரொந்தேஸ் என்ற வெள்ளை ஒயின்தான் இந்த ஊரின் அடையாளம். முகர்ந்தால் மல்லிகை வாசம். இனிக்கும் என்று நம்பிக் குடித்தால், பெரும்பாலும் இனிப்பே இருக்காது.