அப்பாவின் இதயக் குழாயில் கால்சியம் அதிகம், ‘ரோட்டா’ போட வேண்டும் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: அப்பாவுக்கு 71 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. ஆஞ்சியோவில் இதயத்தின் முன்பக்கம் போகும் இடது குழாயில் பெரிய அடைப்பு. “கால்சியம் கெட்டியா இருக்கு, நேரா ஸ்டென்ட் வைக்க முடியாது, ரோட்டா போட்டுக் கடைஞ்சுட்டுத்தான் வைக்கணும்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரோட்டா என்றால் குழாய்க்குள் விடும் ஒரு ‘ட்ரில்’ என்று கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

நான் டாக்டர் இல்லை. பதினான்கு வருடமாக, ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரோட்டா ஓடும்போது மெஷின் பக்கத்தில் நின்று வேகத்தைச் சத்தமாகப் படித்துச் சொல்வது என் வேலை. உங்கள் அப்பாவுக்கு எது சரி என்பதை அவருடைய படத்தைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

முதலில், வெற்றிலையில் தடவிய சுண்ணாம்போ கால்சியம் மாத்திரையோ நேராகப் போய் இதயக் குழாயில் ஒட்டிக்கொள்வதில்லை. வயது, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, புகை இவற்றால் குழாயின் சுவரில் பல வருடமாகப் புண் ஏற்பட்டு, ஆறி, கொழுப்பு சேர்ந்த இடங்கள் கடைசியில் எலும்பு மாதிரி இறுகிப்போகின்றன. ஆஞ்சியோவில் டை என்கிற சாயத்தைச் செலுத்துவதற்கு முன்னாலேயே இது தெரியும். ஓரளவு கால்சியம் என்றால் இதயம் துடிக்கும்போது மட்டும் நிழலாடும். மிக அதிகமென்றால் நிறுத்தி வைத்த படத்தில்கூட குழாயின் இரண்டு பக்கமும் தண்டவாளம் போலக் கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்ததுமே எங்கள் டாக்டர் வேறு எதுவும் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் ரோட்டா மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவேன்.

வழக்கமாக அடைப்பைப் பலூனால் ஊதி விரித்துவிட்டு, அங்கே ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை வைப்போம். இப்படி இறுகிய இடத்தில் பலூன் என்ன செய்யும்? கார் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 அட்மாஸ்ஃபியர். கெட்டியான பலூனை நாங்கள் 20 வரைக்கும் ஊதுவோம். அப்படியும் விரியாமல், இரண்டு முனையும் பருத்து நடு மட்டும் ஒடுங்கி, திரையில் உடுக்கை மாதிரி நிற்கும். அதே இடத்தில் ஸ்டென்ட் வைத்தால் ஸ்டென்ட்டும் உடுக்கையாகத்தான் நிற்கும். பாதி விரிந்த ஸ்டென்ட்டில் ரத்தம் உறையும், மறுபடி அடைக்கும். ஒரு தடவை விரித்து வைத்ததை வெளியே எடுக்கவும் வழியில்லை.

ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியவில்லை. வேறொரு ஊரில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, அதே நெஞ்சுவலியோடு வந்தார். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் ஸ்டென்ட்டைச் சுற்றி முழு வட்டமாகக் கால்சியம். யாரும் அதைத் தொடாமலே ஸ்டென்ட்டை வைத்திருந்தார்கள். அன்றைக்கு இரண்டரை மணி நேரம் போராடியும் பாதிதான் சரிசெய்ய முடிந்தது. “அப்பவே ஏன்யா இதைச் செய்யலை?” என்று மேஜையில் படுத்தபடியே கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரோட்டா தேவையான இடத்தில் அது இல்லாமல் வைத்த ஸ்டென்ட்டைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். உங்கள் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருப்பது எனக்கு நம்பிக்கையாகவே இருக்கிறது.

இனி ரோட்டா. சியாட்டில் பக்கத்து இன்ஜினியர் டேவிட் ஆத் என்பவர் உருவாக்கியது. 1988-ல் முதல்முறையாக மனித இதயக் குழாயில் ஓடியது, 1993-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முடியை விட இரண்டு மூன்று மடங்கு தடித்த ஒரு வயர் அடைப்பைத் தாண்டிப் போகும். அதன்மேல் ஏறி ஓடுவதுதான் பர் என்கிற சின்ன ஆலிவ் விதை வடிவ உலோகம். முன்பாதியில் வைரத்தூள் பதித்திருக்கும். குழாய் 3 மில்லிமீட்டர் என்றால் பர் 1.5 மில்லிமீட்டர்தான், அதாவது பாதி. ஆரம்ப காலத்தில் பெரிய பர் போட்டு மொத்தக் கால்சியத்தையும் சுரண்டி எடுத்துவிடலாம் என்று முயன்றார்கள். அதில் சிக்கல்தான் கூடியது. இப்போது நோக்கம் வேறு: இறுகிய வளையத்தில் ஒரு வழியைத் தேய்த்து, பிடியைத் தளர்த்தி, அடுத்து வரும் பலூன் முழுசாக விரிய இடம் செய்வது.

வேகம் நிமிடத்துக்கு 1,40,000 முதல் 1,80,000 சுற்று. வீட்டு மிக்ஸி 20,000-ஐ ஒட்டி ஓடுகிறது என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழாயைக் கிழித்துவிடாதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்களைக் கேளுங்கள். கட்டைப் பிரிக்கும் ரம்பம் மாவை அறுக்கும், தோலில் பட்டால் தோல் அதோடு சேர்ந்து நெளிந்து தப்பிவிடும். தத்துவம் ஏறக்குறைய அதுதான். மிருதுவான சுவர் வளைந்துகொடுத்து விலகும், வளையாத கால்சியம் தேய்படும். வரும் தூள் பெரும்பாலும் 5 மைக்ரான் அளவு. ரத்தச் சிவப்பணுவே 7, 8 மைக்ரான். அதனால் தூள் ரத்தத்தோடு போய்விடும், கல்லீரலும் மண்ணீரலும் அதை எடுத்துக்கொள்ளும்.

டாக்டர் பர்ரை அழுத்தித் தள்ள மாட்டார். மரங்கொத்தி மாதிரி தொட்டுத் தொட்டு எடுப்பார். ஒரு ஓட்டம் 15, 20 விநாடி. பிறகு நிறுத்தி, ரத்த ஓட்டத்தையும் ஈசிஜியையும் பார்த்துவிட்டு அடுத்தது. நான் பக்கத்தில் “ஒன்னு அறுபது, ஒன்னு அறுபது, ஒன்னு அம்பத்தெட்டு” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒன்னு அறுபது என்றால் 1,60,000 சுற்று. வேகம் 5,000 சுற்றுக்கு மேல் இறங்கினால் பர் ரொம்ப அழுந்துகிறது, சூடேறுகிறது என்று பொருள். உடனே பின்னால் இழுத்துவிடுவார். பழகிவிட்டால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், சத்தத்தின் சுருதி இறங்குவது காதுக்குத் தெரியும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தூள் அதிகமானால் கீழே உள்ள சின்னக் குழாய்களில் ஓட்டம் மந்தமாகும். அதற்காகத்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் குழாயைத் தளர்த்தும் மருந்தும் கலந்த சலைன் பர்ரோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. வலது குழாயில் செய்யும்போது துடிப்பு குறையலாம் என்பதால் பல சமயம் தற்காலிக பேஸ்மேக்கர் வயரைத் தயாராக வைப்போம். பர் உள்ளே மாட்டிக்கொள்வதும் குழாய் ஓட்டையாவதும் அபூர்வம், ஆனால் நடந்தால் பெரிய விஷயம். அவசரத்துக்கு இதய அறுவை நிபுணர் கூப்பிடும் தூரத்தில் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்க வேண்டாம்.

எல்லோருக்கும் ரோட்டா தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆர்பிட்டல் என்று இதே குடும்பத்தில் இன்னொரு கருவி உண்டு, அதன் முனை வட்டமடித்தபடி தேய்க்கும். அமெரிக்காவில் 2,005 பேரிடம் நடந்த எக்லிப்ஸ் ஆய்வு, ஆர்பிட்டலைப் பலூனால் மட்டும் தயார்செய்வதோடு ஒப்பிட்டது. 2024-ல் முடிவு வந்தபோது ஒரு வருடத்தில் சிக்கல் ஏற்பட்டவர்கள் முறையே நூற்றுக்கு 11.5, 10. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆக, பலூன் உள்ளே போய் நன்றாக விரிகிறதென்றால் அதுவே போதும். பலூனே நுழையாத, நுழைந்தாலும் விரியாத இடத்தில்தான் ரோட்டாவுக்கு மாற்று குறைவு.

ஷாக்வேவ் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதே அதிர்வலை முறையைச் சின்ன பலூனுக்குள் வைத்தது. அமெரிக்காவில் இதயக் குழாய்க்கு 2021-ல் அனுமதி கிடைத்தது. ஆழத்தில் இருக்கும் கால்சியத்தையும் விரிசல் விட வைக்கும், கையாள்வதும் எளிது. ஆனால் அந்த பலூன் அடைப்புக்குள் நுழைந்தாக வேண்டும், விலையும் அதிகம். சில சமயம் ரோட்டாவால் வழி செய்துவிட்டு ஷாக்வேவ் போடுவதும் உண்டு.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கட்டாயம் கேளுங்கள். ஒன்று, ஐவஸ் அல்லது ஓ.சி.டி. என்ற உள்-கேமராவால் பார்ப்பார்களா? கால்சியம் வட்டத்தில் பாதிக்கு மேல், அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளம் என்றால் ஸ்டென்ட் சரியாக விரியாமல் போகும் வாய்ப்பு அதிகம். ஸ்டென்ட் வைத்த பிறகு அது முழுசாக விரிந்ததா என்பதையும் அதுதான் காட்டும். இரண்டாவது, மூன்று குழாயிலும் அடைப்பு இருக்கிறதா? சர்க்கரைக்காரர்களுக்கு அப்படி இருந்தால் பைபாஸ்தான் மேல் என்று 1,900 பேரிடம் நடந்த ஃப்ரீடம் ஆய்வு 2012-லேயே காட்டிவிட்டது. அதைப் பேசி முடிக்காமல் ரோட்டாவுக்குப் போகாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் முன்பே பேசிவிடுங்கள். ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் விலை உச்சவரம்பு விதித்தது. அந்த விலையை மட்டும் மனதில் வைத்து வந்தவர்கள், பில்லில் பர், ரோட்டா வயர், கேமரா வயர் என்று தனித்தனியாகப் பார்த்துத் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் காப்பீட்டில் இவை அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்பாவிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். அவருக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைக்க மாட்டார்கள். கையிலோ தொடையிலோ மரத்துப்போக ஊசி போடுவார்கள், அவ்வளவுதான். விழித்திருப்பார். திடீரென்று பல் டாக்டர் ட்ரில் மாதிரி கூர்மையாக ஒரு சத்தம் கேட்கும், இருபது விநாடியில் நிற்கும், மறுபடி கேட்கும். யாரும் சொல்லாததால் அந்த நேரத்தில் பதறி எழுந்திருக்கப் பார்த்தவர்கள் உண்டு. நெஞ்சில் வலித்தால் வாயைத் திறந்து சொல்லட்டும், பக்கத்தில் என்னைப் போல ஒருவர் நின்றுகொண்டுதான் இருப்பார். உடம்பை மட்டும் அசைக்க வேண்டாம்.